மின்பலகை இணைப்பிகளும் இரு தமிழ்ச் சொற்களும்

யூபிலி மலருக்கு எழுதுவோர் கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுதல் மரபு. அம்மரபைப் பேணுதற்கு என்னிலும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இம்மலரிலே எழுதுகின்றனர். ஆதலின் யான் வேறொரு பொருளை எடுத்துக்கொள்வதற்கு வாசகர்கள் இடந்தருவார்களென நம்புகின்றேன். மின்சுற்றுப் பலகை ஒன்றிலே உயர்ந்த வோல்ற்றளவைக் கொண்டுசெல்லும் கம்பிகளை எத்தகைய இணைப்பியினாற் பொருத்துதல் வேண்டும் என்பதே அப்பொருள்.

"தமிழாசிரியனுக்கு மின்பலகையிலே என்ன அலுவல்?" என்று பழைய மாணவருட் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், விடை உண்டு. 2013 ஆம் ஆண்டிலே க. பொ. த. உயர்தர வகுப்பில் தொழினுட்பத்துறை புகுத்தப்பட்டது. அந்நாள் தொட்டு, முன்னர்ப் பொறியியலாளருக்கும் தொழில்வல்லுநருக்கும் உரியனவென்று கருதப்பட்ட செய்திகள், தமிழ்மொழி மூலங் கற்கும் பதினேழு வயது மாணவனின் மேசைக்கு வந்துவிட்டன. அவன் கையிலே பற்றாசுக்கோல் இருக்கின்றது. அவன் பூட்டவேண்டிய பாகத்தின் விளக்கத்தாள் ஆங்கிலத்திலே இருக்கின்றது. "சேர், இதற்குத் தமிழிலே என்ன சொல்?" என்று வினவிக்கொண்டு எம்மிடம் வரும் மாணவரின் தொகை ஆண்டுக்காண்டு கூடுகின்றது.

அவ்வாறு வந்த சொற்களுள் இரண்டு என்னைச் சிந்திக்கத் தூண்டின. 'கிளியறன்ஸ்' என்பது ஒன்று; 'கிறீப்பேஜ்' என்பது மற்றையது. இரண்டையும் 'இடைவெளி' என்னும் ஒரே சொல்லாற் பெயர்த்தெழுதும் வழக்கத்தை மாணவரின் குறிப்பேடுகளிற் கண்டேன். இரு பொருள்களை ஒரு சொல்லால் வழங்கினால் இலக்கியத்திலே சிலேடை பிறக்கும். மின்பலகையிலே தீ பிறக்கும்.

எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். உயர்ந்த வோல்ற்றளவுக்குரிய இணைப்பியைத் தெரிவுசெய்பவன், அதன் விலையையும் அது தாங்கும் அம்பியரையும் பார்ப்பதற்கு முன்னர், அதன் முட்களுக்கிடையே மின் தாவுதற்கும் ஊர்தற்கும் உள்ள இரு வழிகளையும் அளந்து பார்த்தல் வேண்டும். அவ்விரு வழிகளுக்கும் இரு வேறு தமிழ்ப் பெயர்களை இட்டு, அவற்றை வகுப்பிலே நாள்தோறும் வழங்காவிடில், எம் மாணவர் அத்தெரிவிலே தவறுவர். இதன் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பேன்.

உயர்ந்த வோல்ற்றளவு என்பது எது? மின்வலுப் பொறியியலாளர் ஆடலோட்டத்தில் 1,000 வோல்ற்றுக்கு மேற்பட்டதையே அவ்வாறு அழைப்பர். மின்பலகையை மேசையிலே வைத்து வேலை செய்பவனுக்கு அவ்வெல்லை பயன்படாது. நேரோட்டத்தில் 60 வோல்ற்றைத் தாண்டிய யாவும் அவனுக்கு அஞ்சத்தக்கனவே. எங்கள் வீடுகளுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டம் ஒவ்வோர் அலையின் உச்சியிலும் 325 வோல்ற்றை எட்டுகின்றது. கணினியின் வலுவழங்கியிலே அதனைச் சீராக்கிக் கொள்ளளவியிற் சேமிக்கும்பொழுது, அந்த 325 வோல்ற்றும் நேரோட்டமாக அங்கே குடிகொள்கின்றது. 220 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி ஒன்று அந்நிலையில் ஏறத்தாழ 11.6 யூல் சக்தியைத் தேக்கி வைத்திருக்கும். செருகியைச் சுவர்க் குதையினின்றுங் கழற்றிய பின்னரும் அச்சக்தி உடனே வற்றிவிடுவதில்லை. நுளம்பு அடிக்கும் மின்மட்டையின் சிறு பலகையிலோ ஆயிரம் வோல்ற்றுக்கு மேலும் உண்டாகின்றது. இவையெல்லாம் எம் மாணவர் கழற்றியும் பூட்டியும் பழகும் பொருள்கள். ஆதலின் இது தூரதேசத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு மட்டும் உரிய செய்தியெனக் கருதற்க.

இனி, இணைப்பி என்பது கம்பியையும் பலகையையும் வேண்டும்போது கூட்டுதற்கும் வேண்டாதபோது பிரித்தற்கும் உதவும் ஒரு சோடி உறுப்பு. சுவரிலே நாம் காணும் செருகியும் குதையுமே சிறுத்துப் பலகையிலே வந்து குடியேறின எனலாம். அதற்குத் தொழில் இரண்டு. கடத்தவேண்டிய இடத்திற் கடத்துதல் ஒன்று. கடத்தலாகாத இடத்திற் கடத்தாதிருத்தல் மற்றொன்று. முதலாவது தொழிலை உலோகம் செய்கின்றது. முள் பருத்ததாயும், அதனைப் பற்றும் குதை இறுக்கமுள்ளதாயும் இருப்பின் மிகுந்த அம்பியரைத் தாங்கும். இரண்டாவது தொழிலை இடைவெளியும் காவலிப் பொருளுமே செய்கின்றன. ஓட்டத்துக்கு உலோகம், வோல்ற்றளவுக்கு இடைவெளி என்பதை மாணவர் மனத்திலே பதித்தல் வேண்டும். பன்னிரண்டு வோல்ற்றில் பத்து அம்பியரைத் தாங்கும் பருத்த இணைப்பி ஒன்றைக் கண்டு, 'இது பலமானது, வீட்டு மின்னையும் தாங்கும்' என்று எண்ணுபவன், பருமனைப் பாதுகாப்பென மயங்குகின்றான்.

இடைவெளி என்று பொதுப்படச் சொன்னேன். அங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. ஒரு முள்ளினின்றும் மறு முள்ளுக்கு மின் செல்லுதற்கு வழிகள் இரண்டுண்டு. வளியினூடாக நேரே தாவுவது ஒன்று. காவலியின் மேற்பரப்பைப் பற்றி ஊர்ந்து செல்வது மற்றொன்று. எம் வளவிலுள்ள கிணற்றை நினைத்துப் பாருங்கள். கிணற்றின் ஒரு கரையிலிருந்து எதிர்க் கரைக்குக் காகம் குறுக்கே பறந்துவிடும். எறும்போ கட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். காகம் போகும் தூரம் வேறு. எறும்பு போகும் தூரம் வேறு. காகம் போகும் வழியை 'வளிவழி' என்றும், எறும்பு போகும் வழியை 'ஊர்வழி' என்றும் வழங்கலாமென்பது எனது துணிபு. முன்னையது கிளியறன்ஸ், பின்னையது கிறீப்பேஜ்.

மின்கம்பத்து உச்சியிலே பீங்கான் காவலிகளைப் பார்த்திருப்பீர்கள். குடைமேற் குடை கவிழ்த்தாற்போல அவை அடுக்கடுக்காய் அமைந்திருப்பது அழகுக்காகவன்று. ஒவ்வொரு குடையின் மேலும் கீழும் ஏறி இறங்கவேண்டியிருப்பதால் எறும்பின் வழி நீளுகின்றது. உயரம் அதிகம் கூடாமலே ஊர்வழி பன்மடங்காகின்றது. பெரிய கம்பத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை, விரல்நுனியளவான இணைப்பிக்கும் பொருந்தும். நல்ல இணைப்பிகளின் முட்களுக்கிடையே சிறு வரம்புகளும் பள்ளங்களும் இருப்பது இதன் பொருட்டே.

இவ்விரு வழிகளையும் பிரித்தறியாத மாணவன் எவ்வாறு தவறுகின்றான் என்பதற்கு ஒரு கணக்கைக் காட்டுகின்றேன். வளியானது ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ற்றைத் தாங்கும் என்று பாடநூலிலே அவன் படித்திருக்கின்றான். வீட்டு மின்னின் உச்சி 325 வோல்ற்றுத்தானே. ஆதலின் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியே தாராளமாய்ப் போதும் என்று முடிவு செய்கின்றான். மேலும், 1889 ஆம் ஆண்டில் ஜேர்மனியப் பௌதிகவியலாளர் பாசன் வெளியிட்ட விதியின்படி, ஏறத்தாழ 330 வோல்ற்றுக்குக் குறைந்த அழுத்தம் எத்துணைச் சிறிய இடைவெளியிலும் வளியை உடைத்துத் தாவுவதில்லை என்பதையும் அவன் எடுத்துக்காட்டக்கூடும். கணக்குச் சரியே, காகத்தைப் பொறுத்தமட்டிற் சரி. எறும்பை அவன் மறந்துவிட்டான்.

எறும்பின் வழியிலே நிகழ்வது யாது? பலகையின் மேற்பரப்பிலே தூசி படிகின்றது. பற்றாசு பிடித்தபொழுது வழிந்த பிசின் துடைக்கப்படாமற் கிடக்கின்றது. ஈரம் சேர்ந்தவுடன் அத்தூசியிலுள்ள உப்புக் கரைந்து, கண்ணுக்குத் தோன்றாத ஒரு கடத்தும் படலமாகின்றது. அதனூடாக மிகச் சிறிய ஓட்டம் கசிகின்றது. கசியும் ஓட்டத்தின் சூட்டினால் படலம் ஓரிடத்திலே உலர்ந்து அறுபடுகின்றது. அறுபட்ட மயிரிழை இடத்திலே வோல்ற்றளவு முழுவதும் குவிய, அங்கே சிறு பொறி தோன்றுகின்றது. அப்பொறி காவலியைக் கருக்குகின்றது. கருகியது கரி, கரியோ கடத்தி. இவ்வாறு நாளுக்கு நாள் சிறிது சிறிதாய் நீளும் கரித்தடம் ஒருநாள் மறு முள்ளைத் தொடுகின்றது. அன்று பலகை எரிகின்றது. முதல் நாளிலே மானியைக் கொண்டு சோதித்தவனுக்கு இதன் அறிகுறி ஒன்றுமே தெரிந்திராது.

கரித்தடம் பற்றும் தன்மை பொருளுக்குப் பொருள் வேறுபடும். அதனை அளத்தற்கு ஒரு சோதனை உண்டு. காவலிப் பொருளின்மேல் 4 மில்லிமீற்றர் இடைவெளியில் இரு பிளாற்றின முனைகளை வைத்து, அவற்றினிடையே அமோனியங் குளோரைட்டுக் கரைசலை 30 செக்கனுக்கு ஒரு துளி வீதம் 50 துளிகள் விழவிடுவர். கரித்தடம் உண்டாகாமல் எத்துணை வோல்ற்றை அப்பொருள் தாங்குகின்றதோ அதுவே அதன் எண். 600 அல்லது அதற்கு மேற்பட்டவை முதலாங் கூட்டம். 400 முதல் 600 வரையுள்ளவை இரண்டாங் கூட்டம். அதற்குக் குறைந்தவை மூன்றாங் கூட்டம். நாம் பயன்படுத்தும் பச்சை நிறக் கண்ணாடியிழைப் பலகைகளிற் பெரும்பாலானவை மூன்றாங் கூட்டத்தைச் சேர்ந்தவையே. இணைப்பியின் பிளாத்திக்கு முதலாங் கூட்டமாக இருப்பினும், அது நிற்கும் நிலம் மூன்றாங் கூட்டமாயின் நாம் கணக்கிடவேண்டியது நிலத்தையுமே.

1906 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு இன்று ஜெனீவாவிலிருந்து இயங்கும் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு இவற்றுக்கெல்லாம் அளவுகளை வகுத்துள்ளது. வீட்டு மின்னுக்குரிய 250 வோல்ற்று வரிசையில், மூன்றாங் கூட்டப் பொருளின்மேல், சாதாரண அறையொன்றினுள்ளே வேண்டப்படும் அடிப்படை ஊர்வழி 2.5 மில்லிமீற்றர். கடத்தும் அழுக்கோ, ஈரத்தாற் கடத்துந் தன்மை பெறும் அழுக்கோ படியும் இடமாயின் 4 மில்லிமீற்றர். மின்னோடும் பகுதிக்கும் மனிதர் கைபடும் தாழ்வோல்ற்றுப் பகுதிக்கும் இடையிலாயின் இவை இருமடங்காதல் வேண்டும். அஃதாவது 5 மில்லிமீற்றரும் 8 மில்லிமீற்றரும். வளிவழிக்கு வேறு அட்டவணை உண்டு. மின்வழங்கலிலே கணப்பொழுது தோன்றி மறையும் 2,500 வோல்ற்று எழுச்சியைத் தாங்குதற்கு 1.5 மில்லிமீற்றர் வளிவழி போதும். கைபடும் பகுதிக்காயின் 3 மில்லிமீற்றர்.

இவ்வளவுகளிலிருந்து இரு வழிகளின் இயல்பும் தெளிவாகின்றது. வளிவழியை நிர்ணயிப்பது கணத்திலே தோன்றும் எழுச்சி. ஊர்வழியை நிர்ணயிப்பது காலமெல்லாம் நின்றிருக்கும் வோல்ற்றளவு. வளிவழி மலையுச்சியிலே கூடுதலாக வேண்டப்படும். அங்கே வளி ஐதாயிருப்பதே காரணம். மேற்சொன்ன வளியளவுகள் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றர் உயரம் வரைக்குமே செல்லுபடியாகும். எமது நாட்டிலே 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை உச்சியிலே தொலைக்காட்சி ஒலிபரப்பு நிலையம் இருக்கின்றது. அங்கே பூட்டப்படும் பலகைக்கு வளிவழியைக் கூட்டிக் கணித்தல் வேண்டும். ஊர்வழியோ உயரத்தைப் பொருட்படுத்துவதில்லை. அழுக்கையும் ஈரத்தையுமே பொருட்படுத்தும். ஒன்று உயரத்துக்கு அஞ்சுவது, மற்றது உப்புக்கு அஞ்சுவது என்றால், இரண்டுக்கும் ஒரே பெயர் எவ்வாறு பொருந்தும்?

உப்பு என்றவுடன் எங்கள் குடாநாட்டை நினையாதிருக்க முடியவில்லை. மூன்று புறமும் கடல். உள்ளே பரவைக் கடல். சோளகக் காற்று வீசுங் காலத்திலே புழுதி. வாடைக் காற்று வீசுங் காலத்திலே மழையும் ஈரமும். புழுதி முதலிற் படிந்து, ஈரம் பின்னர் வந்து அதனைக் கரைக்கின்றது. இந்த ஒழுங்கு எறும்புக்கு வழிசமைத்தற்கென்றே அமைந்தாற்போல இருக்கின்றது. குளிரூட்டிய அறைக்கு வகுத்த 2.5 மில்லிமீற்றரைத் திறந்த யன்னலுள்ள எம் பட்டறையிலே நம்புவது அறிவுடைமையாகாது. மூடி அடைக்கப்படாத கருவியாயின் 4 மில்லிமீற்றரையே எம் கல்லூரியின் அளவாகக் கொள்ளுதல் வேண்டுமென்பேன்.

இனி இணைப்பிக்கு வருவோம். கடைகளிலே எளிதாகக் கிடைப்பவை முள்ளுக்கு முள் 2.54 மில்லிமீற்றர் தூரமுள்ளவை. 2.54 என்பது 2.5க்குக் கூடியதுதானே என்று மாணவன் மகிழ்கின்றான். அந்தத் தூரம் ஒரு முள்ளின் நடுவிலிருந்து மறு முள்ளின் நடுவரை உள்ளது. முள்ளைச் சூழப் பலகையிலே செப்பு வட்டம் இருக்கின்றது. அவ்வட்டத்தின் விட்டம் 1.6 மில்லிமீற்றராயின், வட்டத்துக்கு வட்டம் எஞ்சும் ஊர்வழி 0.94 மில்லிமீற்றர் மாத்திரமே. வேலி நாட்டுபவன் கதியால்களின் நடுவை அளந்துவிட்டு, ஆடு நுழையும் இடைவெளியை அளந்துவிட்டதாக எண்ணுவது போன்றது இது. 3.96 மில்லிமீற்றர் வகையிலே முள் பருமனாதலின் வட்டமும் பெரிது, அது 2.6 மில்லிமீற்றராயின் எஞ்சுவது 1.36. திருகாணி வகையிலே பெருவழக்கான 5.08 மில்லிமீற்றரிலும் அதே வட்டத்துக்கு எஞ்சுவது 2.48; மயிரிழையாற் குறைகின்றது. 7.62 மில்லிமீற்றர் வகையிலே 5.02 எஞ்சும்.

கைத்தொழில் வல்லுநர் இதற்கு ஓர் எளிய உபாயங் கண்டுள்ளனர். பழைய வலுவழங்கி ஒன்றைத் திறந்து, வீட்டு மின் நுழையும் வெள்ளை இணைப்பியை உற்றுநோக்குங்கள். மூன்று முட்களுக்கு இடமிருக்க, நடுமுள் இல்லாதிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அது உற்பத்தியிலே நேர்ந்த குறையன்று. 3.96 மில்லிமீற்றர் தூரம் 7.92 ஆகின்றது, 2.6 மில்லிமீற்றர் வட்டத்தைக் கழிக்க 5.32 மில்லிமீற்றர் ஊர்வழி கிடைக்கின்றது. ஒரு முள்ளை நீக்கியதனாற் பாதுகாப்புக் கூடிற்று. பலகையிலும் நடுத்துளையின் செப்பு வட்டத்தை நீக்கிவிட வேண்டுமென்பதை மறத்தலாகாது. ஆற்றின் நடுவே திட்டொன்று இருந்தால் கடப்பவனுக்கு அது உதவியல்லவா?

இடம் போதாதெனின் இரு முட்களுக்கும் நடுவே பலகையிலே நீண்ட துளையொன்றை வெட்டலாம். அது ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாத அகலமுடையதாதல் வேண்டும். அழுக்கு மிகுந்த இடத்திலே 1.5 மில்லிமீற்றர். முன்னர்ச் சொன்ன கிணறு இதுவே. எறும்பு இப்போது சுற்றிப்போக வேண்டும், ஊர்வழி நீளும். ஆனால் காகத்துக்கு இக்கிணறு தடையன்று, வளிவழி கூடுவதில்லை. அன்றியும், துளைக்கு மேலே இணைப்பியின் அடிப்பாகம் பாலம்போற் படுத்திருக்குமாயின், எறும்பு அப்பாலத்தின்மேலே நடந்துவிடும். ஆதலின் பலகையை வெட்டிய பின்னர் இணைப்பியின் உடலையும் அளத்தல் வேண்டும்.

தெரிவிலே கவனிக்கவேண்டிய வேறு சிலவற்றைச் சுருங்கக் கூறுவேன். மின் வரும் பக்கத்திலே குதையும், மின்னைப் பெறும் பக்கத்திலே முள்ளும் இருத்தல் வேண்டும். சுவரிலே இருப்பது குதை. கருவியின் வயரிலே இருப்பது முள். நாள்தோறும் கண்முன்னே இருக்கும் இவ்வொழுங்கைப் பலகையிலே தலைகீழாக்கி, மின் வரும் பலகையில் முட்களை நிறுத்திவிடுகின்றனர். கம்பியைக் கழற்றியவுடன் உயிருள்ள முட்கள் வெறுமனே நிற்கின்றன. இரண்டாவதாக, தாழ்வோல்ற்றுக்கும் உயர்வோல்ற்றுக்கும் ஒரே உருவ இணைப்பியை ஒரே பலகையில் வைத்தலாகாது. மாறிச் செருக முடியும் என்பது உண்மையாயின், ஒருநாள் எவரேனும் மாறிச் செருகியே தீருவர். மூன்றாவதாக, இழுத்தாலும் அதிர்ந்தாலும் கழன்றுவிடாத பூட்டு இணைப்பியிலே இருத்தல் நன்று. நான்காவதாக, ஓட்டம் செல்லும்போது கழற்றுதற்கென்று செய்யப்படாத இணைப்பியை அவ்வாறு கழற்றலாகாது. ஆடலோட்டம் எங்கள் 50 சுற்று வழங்கலிலே செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைக் கடப்பதால், கழற்றும்போது எழும் சுடர் அணைய வாய்ப்புண்டு. நேரோட்டத்துக்கு அந்த ஓய்வு இல்லை; சுடர் நீண்டு முள்ளை உருக்கும். கூரைச் சூரியத் தகடுகளிலிருந்து பல நூறு வோல்ற்று நேரோட்டம் வந்திறங்கும் பலகைகள் இன்று ஊர்தோறும் பூட்டப்படுகின்றன. அவற்றைத் திருத்தப்போகும் இளைஞர்கள் இதனை உயிர்க்காப்பாகக் கொள்ளல் வேண்டும். மின்மட்டையைப் போல ஆயிரக்கணக்கான வோல்ற்றுள்ள இடத்திலே சிறு இணைப்பியைத் தேடுவதைக் கைவிட்டு, அதற்கென்று செய்த தடித்த காவலியுடைய கம்பியை நேரே பற்றாசு பிடித்தலே நன்று.

எனது கருத்துக்கு எதிராக மூன்று தடைகள் கூறப்படுவதை அறிவேன். "விளக்கத்தாள் ஆங்கிலத்திலே இருக்கின்றது, ஆங்கிலச் சொல்லையே மனப்பாடஞ் செய்தாற் போதும், தமிழ்ச் சொல் வீண் சுமை" என்பது ஒன்று. ஆங்கிலச் சொல்லை நீக்குமாறு யான் கூறவில்லை. விளக்கத்தாளைப் படிப்பதற்கு அது வேண்டியதே. ஆனால் மனப்பாடஞ் செய்த சொல் பரீட்சைத்தாளிலே வந்து நிற்கும். கையிலே இணைப்பியை எடுத்துப் பார்க்கும் கணத்திலே வந்து நிற்பதில்லை. 'ஊர்வழி' என்று கேட்ட மாணவனுடைய கண் தானாகவே பலகையின் மேற்பரப்பிலே ஊரத் தொடங்குகின்றது. சொல்லே பொருளைச் சுட்டிக்காட்டுகின்றது. 'கிறீப்பேஜ்' என்ற ஒலி ஆங்கிலம் அறிந்தவனுக்கு இதே தொண்டைச் செய்கின்றது, ஏனெனில் அவன் மொழியிலே அது ஊர்தலைக் குறிப்பது. அவனுக்குக் கிடைத்த அந்த உதவி எம் பிள்ளைகளுக்கும் கிடைத்தல் வேண்டும்.

"நாம் இத்தனை காலமும் சிறு இணைப்பியைத்தான் பூட்டினோம், வேலை செய்கின்றதே" என்பது இரண்டாவது தடை. வேலை செய்யும், காகம் தாவாதவரையில் வேலை செய்யும். எறும்பு மெல்ல வருகின்றது என்பதை மேலே விளக்கினேன். அன்றியும், சில சிறு இணைப்பிகளின் விளக்கத்தாளிலே 250 வோல்ற்று என்று அச்சிடப்பட்டிருப்பதைச் சான்றாகக் காட்டுவர். அந்த எண் இணைப்பி தான் நின்ற சோதனை நிலைமைக்கு உரியது. எமது செப்பு வட்டத்துக்கும், எமது பட்டறைப் புழுதிக்கும், எமது கடற்காற்றுக்கும் உற்பத்தியாளர் பொறுப்பேற்கவில்லை.

மூன்றாவது தடை விலை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே இறக்குமதிப் பாகங்களின் விலை ஏறியதையும், பெற்றோர் பட்ட இன்னலையும் எவரும் மறுக்கார். ஆயினும் மேலே கூறிய உபாயங்களுக்கு எவ்வளவு பணம் வேண்டும்? நடுமுள்ளைப் பிடுங்குதற்குக் குறடு போதும். பலகையிலே துளை வெட்டுதற்குச் சிறு வாள் போதும். பிசினைத் துடைப்பதற்குச் சிறிது மதுசாரமும் பழைய பற்றூரிகையும் போதும். மின் வரும் பக்கத்திலே குதையை வைப்பதற்கு நினைவு மட்டுமே போதும். வறுமை காரணமாகத் தவறவிடப்படுவன இவற்றுட் சில. அறியாமை காரணமாகத் தவறவிடப்படுவனவே பல.

சொல்லாக்கம் எமக்குப் புதிய தொழிலன்று. மானிப்பாயிலே மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847 ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்தபின் தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் போதித்து, மருத்துவ நூல்களையும் தமிழிலே ஆக்கினார். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே விஞ்ஞான பாடங்கள் தாய்மொழிக்கு மாறியபொழுது, அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் றொகுதிகளை வெளியிட்டது. ஆளி, குதை, செருகி, உருகி, காவலி, கொள்ளளவி, நிலைமாற்றி, ஆடலோட்டம் என்று இன்று எம் மாணவர் நாவிலே தங்குதடையின்றிப் புழங்கும் சொற்களைப் பாருங்கள். இவற்றுட் பல தமிழ்நாட்டினரும் நம்மைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஈழத்துச் செல்வங்கள். அன்று தொகுத்தோர் தம் காலத்துக்கு வேண்டியதைச் செய்தனர். அச்சிட்ட சுற்றுப் பலகை பள்ளி மேசைக்கு வந்துவிட்ட எம் காலத்துக்கு வேண்டியதை நாம் செய்தல் கடன். 'வளிவழி', 'ஊர்வழி' என்பவற்றினும் சிறந்த சொற்களை எவரேனும் தருவாராயின் மகிழ்ந்து ஏற்பேன். சொற்கள் இரண்டாக இருத்தல் வேண்டும் என்பதிலே மாத்திரம் யான் விட்டுக்கொடேன்.

முடிவாக மூன்று திறத்தாரிடமும் மூன்று வேண்டுகோள்கள்.

மாணவர்களே, பௌதிகவியல் ஆய்வுகூடத்து அலுமாரியிலே வேணியர் இடுக்கிமானி உறங்குகின்றது. அதனை எழுப்புங்கள். மின்னைக் கொடுப்பதற்கு முன்னர்ச் செப்பு வட்டத்தின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். கழற்றுவதற்கு முன்னர்க் கொள்ளளவி வற்றிவிட்டதா என்பதை வோல்ற்றுமானியாற் பாருங்கள். பார்த்த பின்னரே கை வையுங்கள்.

சக ஆசிரியர்களே, செயற்றிட்டங்களுக்குப் புள்ளியிடும் தாளிலே இரண்டு நிரல்களைச் சேர்ப்போம். ஒன்றின் தலைப்பு வளிவழி; மற்றதன் தலைப்பு ஊர்வழி. 60 வோல்ற்றைத் தாண்டும் எந்த ஆக்கமும் அவ்விரு நிரல்களும் மில்லிமீற்றரில் நிரப்பப்பட்ட பின்னரே கண்காட்சி மேசைக்கு வரவேண்டுமென்று விதிப்போம். தொழினுட்ப ஆசிரியர் அளவைப் பார்க்கட்டும். தமிழாசிரியர் சொல்லைப் பார்க்கட்டும்.

பழைய மாணவர்களே, நீங்கள் கொழும்பிலும் இலண்டனிலும் றொரன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்துகொண்டு கல்லூரிக்குக் கணினிகளும் கருவிகளும் அனுப்பி வருகின்றீர்கள். அதற்கு நாம் கடப்பாடுடையோம். உங்களுள் மின்னியற் பொறியியலாளர் பலர் உளர். அடுத்த பொதியிலே 7.62 மில்லிமீற்றர் இணைப்பிகள் நிறைந்த சிறு பெட்டியொன்றையும், அவற்றின் விளக்கத்தாள்களையும் சேர்த்து அனுப்புங்கள். அவ்விளக்கத்தாளிலுள்ள ஆங்கிலச் சொற்களுக்கு நீங்கள் கருதும் தமிழை ஒரு தாளிலே எழுதி அதனுள் வையுங்கள். பெட்டி ஓராண்டிலே தீர்ந்துவிடலாம். அந்தத் தாளைப் பல ஆண்டு மாணவர் படிப்பர்.

யூபிலி நினைவாக மண்டபங்களும் வளைவுகளும் எழுப்பப்படுகின்றன, அவை எழுக. அவற்றோடு, எம் பட்டறையின் சுவரிலே, மாணவர் பற்றாசுக்கோலை எடுக்கும் இடத்துக்கு நேரெதிரே, வளிவழி, ஊர்வழி என்னும் இரு சொற்களும் அவற்றின் கீழே உரிய மில்லிமீற்றர் அளவுகளும் பெரிய எழுத்திலே எழுதப்படுமாயின், இத்தமிழாசிரியன் இந்த யூபிலி ஆண்டிலே வேறொன்றும் வேண்டான்.